என்ற உசரத்துக்கு ஒரு அடுப்பு மேடை

அந்தப் பொட்டியைச் சித்தெ மடியில எடுத்து வெச்சுக்கோ கண்ணு, நானும் உக்காந்துக்கறேன். காலு கடுக்குது. என்ன பொட்டி அது, மிக்சியா? உனக்குக் கலியாணமாயிருச்சா? ஆயிருச்சா, செரி. இதை யாரு பாத்து எடுத்தா, நீயா, உன்ற மாமியாளா? நீயே எடுத்தியா! அவங்க ஒண்ணும் சொல்லலையா?

சொல்ல மாட்டாங்க. வாயில சொல்ல மாட்டாங்க, மனசுக்குள்ள வெச்சுக்குவாங்க. எனக்கு அந்தப் பழக்கம் கெடையாது அம்மிணி. மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணுன்னு பேசறவ நானில்லை.

கோவமாத்தான் இருக்கறேன். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதா? தெரியட்டும். நீ யாரோ, நான் யாரோ, கவுந்தப்பாடி வந்தா நான் எறங்கிப் போயிருவேன், அதனால சொல்றேன். ஊருக்குள்ள சொன்னாக் கைகொட்டிச் சிரிப்பாங்க. கோவம் என்ற பையன் மேல. அவன் கட்டிட்டு வந்தானே ஒரு மகராசி, அவ மேல. எல்லாம் அந்தச் சமையக்கட்டுல ஆரம்பிச்ச வினை.

என்ற பையன் பேரு லோகநாதன், லோகுன்னு கூப்பிடுவோம். ஒரே பையன். பெருந்துறைல ஒரு பால் கம்பெனியில வேலை. பாலு நல்லா இருக்குதா, தண்ணி கலந்திருக்குதான்னு சோதிச்சுப் பாக்கற வேலை. அதுக்கு முன்னால புனாவுல ரூமெடுத்துத் தானே ஆக்கித் தின்னுட்டுக் கெடந்தான். அங்கதான் கெட்டுப் போனான். குடிச்சுக் கெட்டுப் போறவனைப் பாத்திருப்பே, சீட்டாடிக் கெட்டுப் போறவனைப் பாத்திருப்பே. இவன் சோறாக்கக் கத்துக்கிட்டுக் கெட்டுப் போனான்.

அவங்கப்பா தவறினதும் அம்மா தனியா இருக்கறாளேன்னு வேலைய மாத்திட்டு ஊருக்கே வந்துட்டான். நல்ல பையன்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா வந்த மறுநாளே அடுப்படிக்குள்ள வந்து நின்னுட்டு, "தள்ளும்மா, நான் ஆக்கறேன்"ங்கறான். எனக்குத் திக்குனு போச்சு. தள்ளும்மாவாம்! அந்த அடுப்படிக்கு நான் எப்பிடி வந்து சேந்தேன்னு அவனுக்குத் தெரியுமா?

என்ற மாமியா உசுரோட இருந்த வரைக்கும் எனக்கு அந்த அடுப்பு கெடையாது. மாவாட்டுவேன், தண்ணி எடுப்பேன், வெங்காயம் உரிப்பேன், போசி கழுவுவேன். அடுப்புப் பக்கம் மட்டும் போகக் கூடாது. "என்ற அடுப்புல இன்னொரு கை படக் கூடாது"ம்பாங்க. நான் வாசப்படியில நின்னுட்டு அவங்க தாளிக்கற சத்தத்தைக் கேட்டுட்டு இருப்பேன். ஒரு நாளு ரெண்டு நாளில்லை, இருபது வருசத்துக்கு மேல. லோகு காலேசு சேந்ததுக்கப்புறம்தான் அவங்க போய்ச் சேந்தாங்க. கருமாதி முடிஞ்ச அன்னைக்கு வூடு முச்சூடும் சொந்தக்காரங்க, ஒறம்பரைக உக்காந்திருக்கறாங்க. நான் அடுப்படிக்குள்ள போயிக் கதவைச் சாத்திட்டு, எண்ணெய எச்சா ஊத்தி, கடுகு போட்டு, வரமொளகா கிள்ளிப் போட்டுத் தாளிச்சேன். கொழம்பும் இல்லை, ரசமும் இல்லை. சும்மா தாளிச்சேன். அந்தச் சத்தத்தை நான் ஒருக்கா பக்கத்துல இருந்து கேக்கணுமில்ல?

அப்பிடி வந்து சேந்த அடுப்படி அது. அதுல வந்து நின்னுட்டு "தள்ளும்மா"ன்னா?

செரி, அதைப் பொறுத்துக்கிட்டேன். போன வருசத்துக்கு மொத வருசம் அய்ப்பசி மழையில செவுரு ஊறி, மேல இருந்து காரை பேந்து கொழம்புக்குள்ள விழுந்துருச்சு. அவ்வளவுதான், லோகுக்குச் சாக்குக் கெடைச்சுருச்சு. "அம்மா, இதை ஒட்டுக்கா இடிச்சுட்டுப் புதுசாப் பண்ணிரலாம்"னான்.

"எனக்கு நல்லாத்தான் இருக்குது"ன்னேன்.

"காரை விழுந்த கொழம்பைச் சாப்பிடுவியா?"

"எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடுவேன். இத்தனை வருசம் என்னத்தைச் சாப்பிட்டேன்?"

கேக்கலை. ஆளுகளைக் கூட்டிட்டு வந்து அடுப்பு மேடைக் கடப்பாக்கல்லைப் பேத்துட்டான். என்னை ஒரு வார்த்தை கேக்கலை அம்மிணி. அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆற மாட்டேங்குது. கேட்டான், கேக்காம இல்லை. "அம்மா, தொட்டி எந்தப் பக்கம் வேணும், அலமாரி எங்க வேணும், சொல்லு"ன்னு தெனமும் பொழுதோட வந்து பக்கத்துல உக்காந்துக்குவான். நான் "எனக்கென்ன தெரியும், உன்ற இஷ்டம்"னு சொல்லிருவேன். அப்பிடிச் சொன்னா என்ன அர்த்தம்? வேண்டாம்னு அர்த்தம். பெத்த பையனுக்கு அது தெரியணுமா இல்லையா? இவன் நெசமாலுமே அவன் இஷ்டத்துக்குப் பண்ண ஆரம்பிச்சுட்டான்.

ஒரு நாயித்துக்கிழமை, "ஈரோட்டுக்குப் போயி அடுப்பு, கிரைண்டரெல்லாம் பாத்துட்டு வரலாம், கெளம்பும்மா"ன்னான். பெரிய கடை. உள்ள போனா ஆசுபத்திரி மாதிரி குளுகுளுன்னு இருக்குது. கண்ணாடியில அடுப்பு வெச்சிருக்கறாங்க கண்ணு! "கண்ணாடி வெடிச்சா?"ன்னு கேட்டேன். கழுத்துல பட்டை கட்டின பையன் ஒருத்தன், "சுத்தியலால அடிச்சாலும் ஒடையாதுங்கம்மா"ங்கறான். சுத்தியலால நான் எதுக்கு அடுப்பை அடிக்கறேன்?

லோகு ஒவ்வொரு அடுப்பையும் தொறந்து பாக்கறான். பர்னரைக் கழட்டிக் கையில எடுத்துப் பாக்கறான், தீ எப்பிடி வரும், பொங்கி ஊத்துனா எங்க போயித் தேங்கும்னு கேக்கறான். ஆம்பளைக வந்தா டிவியப் பாத்துட்டு அக்கட்டால நிக்கணும். இவன் பேசறதைக் கேக்கறதுக்குப் பொம்பளைக கூடிட்டாங்க. ஒருத்தி வந்து, "ஏனுங்க, எனக்கும் ஒரு கிரைண்டரு பாத்துச் சொல்லுங்க"ன்னு கேக்கறா. இவன் அவளைக் கூட்டிட்டுப் போயி, கல்லைத் தூக்கிக் காட்டி, இது சீக்கிரம் சூடாகும், அது மாவை நல்லாப் பொங்க வைக்கும்னு பாடம் நடத்தறான். எனக்கு எங்கியாச்சும் ஓடிப் போயிரலாமான்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் அந்தப் பட்டை கட்டின பையன் கேட்டான். "வீட்டுக்காரம்மா வரலைங்களா சார்? அவங்க ஒருக்கா பாத்துட்டாங்கன்னா நல்லதுங்க."

லோகு, "இன்னும் அமையலைங்க"ன்னு சிரிச்சான்.

நான் அங்கதானே நிக்கறேன் கண்ணு? மலையாட்டம் நிக்கறேன். என்னைப் பாத்தா வீட்டுக்காரம்மாவாத் தெரியலையா? இந்த லோகுவாச்சும், "இதா இவங்கதாங்க"ன்னு சொல்ல வேண்டாமா? பொக்குனு போச்சு எனக்கு. கடைசீல பாத்திரம் கழுவற மிசினுன்னு ஒண்ணைக் காட்டினாங்க. அதுக்கு முன்னால முட்டி போட்டு உக்காந்துட்டான், சாமி கும்புடற மாதிரி. "அம்மா, உன்ற கை வலிக்கு நல்லதும்மா"ங்கறான். கை வலிக்குதுன்னு நான் அவன்கிட்டச் சொன்னனா? சொல்லவே இல்லை. தைலம் தேய்க்கறப்ப எட்டிப் பாத்திருக்கறான். "அதை வாங்கினீன்னா நான் வாய்க்கால்ல விழுந்துருவேன்"னேன். வாங்கலை. மத்ததெல்லாம் வாங்கினான். நாலு அடுப்பு வெச்ச கண்ணாடி, புகை உறிஞ்சற சிம்னி, சாய்ச்சு மாவெடுக்கற கிரைண்டரு, கேக்கு சுடற பொட்டி. கேக்கு யாருக்கு? எனக்குப் பொறந்த நாளே எப்பன்னு தெரியாது.

வேலை பாதி நடந்துட்டு இருக்கறப்பத்தான் அந்த எடம் வந்துது. லோகுக்கு அப்ப முப்பத்தி நாலு. நம்ம பக்கம் பையனுக்குப் பொண்ணு கெடைக்கறது எப்பிடின்னு உனக்கே தெரியும். தரகர் குமாரசாமி செருப்புத் தேயத் தேய நடந்து கொண்டாந்த எடம். பவானிக்காரங்க. பொண்ணு பேரு சுகந்தி, பெட்சீட்டு அனுப்பற கம்பெனியில வேலை. முப்பது தாண்டிருச்சு. நல்ல உசரம், எங்க வூட்டு நெலைப்படியில குனிஞ்சுதான் வந்தா.

வூடு பாக்க அவங்க சனம் வந்துது. கூடவே பொண்ணும் வந்துட்டா. எங்க காலத்துல பொண்ணு வூடு பாக்க வர்றதுண்டா? வந்ததுதான் வந்தா, முன்கட்டு ஆசாரத்துல ஒரு எடத்துல உக்காரலாமில்ல? "சமையக்கட்டு வேலை நடக்குதாமே, பாக்கலாமுங்களா?"ன்னு கேட்டுட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா. லோகும் பின்னாலயே போயிட்டான். நான் காப்பித் தட்டத்தைத் தூக்கிட்டுப் பின்னால போறேன். உள்ள ஒரே சிமிட்டித் தூசி. செவுத்துல சாக்பீசுல கோடு போட்டு, அடுப்பு இங்க, தொட்டி இங்கன்னு எழுதி வெச்சிருந்தான். அவ இடுப்புல கைய வெச்சுட்டுச் சுத்திப் பாத்தா.

"ஏனுங்க, அடுப்பை சன்னலுக்கு நேரா வெச்சாக் காத்துக்கு அணைஞ்சு அணைஞ்சு போகுமுங்க. இந்தப் பக்கச் செவுத்துக்குக் கொண்டாந்தா என்னங்க?"

"அட, ஆமாங்க. அது எனக்குத் தோணவே இல்லைங்க."

சட்டைக் கையாலயே கோட்டை அழிச்சுட்டு அந்தப் பக்கம் போடறான்! சன்னலுக்கு நேரா வெச்சா அணையும்னு எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும். கட்டி முடிச்சு அணையட்டும், அப்பத் தெரியும்னு விட்டு வெச்சிருந்தேன். இவ வந்து காரியத்தைக் கெடுத்துட்டா.

பொறகு என்ற பக்கம் திரும்பினா. திரும்பிச் சிரிச்சுட்டே கேக்கறா: "அத்தை, மேடை உங்க உசரத்துக்கு வேணுமுங்களா, என்ற உசரத்துக்கு வேணுமுங்களா?"

என்ன எகத்தாளம் பாத்தியா? வெத்தலை பாக்கு மாத்தலை. அதுக்குள்ள "என்ற உசரம்".

என்ன? மரியாதையாத்தானே கேட்டாங்கறியா? நீயும் அதையே சொல்றியே. என்ற நாத்தனாளும் இதைத்தான் சொன்னா. அந்தக் கேள்விக்குள்ள என்ன இருக்குதுன்னு உங்களுக்கெல்லாம் தெரியாது. நான் சொல்லிப்போட்டேன், "நான் சாகற வரைக்கும் என்ற உசரத்துக்குத்தான்"னு. சொன்ன பொறகு மனசு நிக்கலை. அவங்கம்மா ஆசாரத்துல உக்காந்திருந்தாங்க, அவங்ககிட்டப் போயி, "இப்பவே சொல்லிப்போடறேன் கேட்டுக்குங்க. என்ற அடுப்புல இன்னொரு கை படக் கூடாது"ன்னேன். நறுக்குனு சொன்னேன். நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாரு.

அந்தம்மா காப்பி டம்ளரை அப்பிடியே கீழ வெச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு என்ன பண்ணினாங்கறே? "செரிங்க அத்தை, உங்க உசரத்துக்கே வெச்சரலாமுங்க"ன்னா. அப்பவும் சிரிச்சா. அந்தச் சிரிப்பை என்னால மறக்கவே முடியலை.

மறுநாளு தரகர் வந்தாரு. "ஏனக்கா, கைக்கு வந்த சோத்தைத் தட்டி விட்டுட்டீங்களே, அவங்க வேண்டாம்னுட்டாங்க"ன்னாரு. "ஜாதகம் செரியில்லைன்னு நெனச்சுக்குங்க"ன்னேன்.

லோகு கத்தலை. கத்தியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். நானும் நாலு கத்து கத்தி முடிச்சிருப்பேன். இவன் மேஸ்திரியைக் கூப்பிட்டு, என்னைக் கொண்டாந்து செவுத்தோரம் நிக்க வெச்சு, முழங்கைய மடக்கச் சொல்லி, அதுக்கு நேரா ஒரு கோடு போட்டான். "இந்த அளவுக்குக் கட்டுங்க, எச்சாப் போக வேண்டாம்"னான். அவ்வளவுதான். என்ற மூஞ்சியக் கூடப் பாக்கலை.

தை மாசம் பால் காச்சினோம். நல்லா இருந்துச்சு கண்ணு. இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிரும். கை நீட்டற எடத்துல உப்பு. குனியாம எடுக்கற எடத்துல அரிசி. குழாயைத் தொறந்தா தண்ணி மேல தெறிக்காது. என்ற எடது கைதான் வலிக்கற கை, கனமான போசியெல்லாம் வலது பக்கம் வர்ற மாதிரி அடுக்கி வெச்சிருந்துச்சு. நான் இது ஒண்ணையும் வாயைத் தொறந்து சொன்னதில்லை. எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. புனாவுல ஆக்கித் தின்ன ஆம்பளைக்கு இவ்வளவு தோணாது.

"யாருடா இப்பிடியெல்லாம் வெக்கச் சொன்னது?"ன்னேன்.

"சுகந்திதாம்மா."

மறைக்கக் கூட இல்லை பாரு. வேண்டாம்னு போனவ, பொறகு ஒரு நாளு போன் பண்ணி, "கடைசீல அடுப்பை எந்தச் செவுத்துல வெச்சீங்க?"ன்னு கேட்டாளாம். இவன் சொன்னானாம். அப்பிடியே பேசிப் பேசி, அவங்கம்மாளையும் அப்பனையும் அவளே சம்மதிக்க வெச்சுட்டா. நான் அத்தனை நாளும் அந்த அலமாரியை ஆசை ஆசையாத் தொடச்சுட்டு இருந்திருக்கறேன். அவ அடுக்கின அலமாரிய!

"கட்டுனா அவளைத்தாம்மா கட்டுவேன்"னான்.

"கட்டிக்கோ. இந்த அடுப்புல அவ கை படக் கூடாது."

"செரிம்மா."

செரியாம்! கெஞ்ச வேண்டாமா? "அம்மா, அப்பிடிச் சொல்லாதே"ன்னு காலைப் புடிச்சிருந்தா நான் என்ன கல்லா? ஒரே வாரத்துல பெருந்துறைல வாடகைக்கு வூடு பாத்துட்டுப் போயிட்டான். போறப்ப அந்தச் சமையக்கட்டுல இருந்து ஒரு கரண்டி கூட எடுத்துட்டுப் போகலை. எடுத்துட்டுப் போயிருந்தா அதுக்காச்சும் திட்டியிருப்பேன்.

பங்குனியில சென்னிமலைல கலியாணம். வந்து கூப்பிட்டான். கால்ல விழுந்தான். நான் செவுத்தைப் பாத்து உக்காந்துட்டேன். போகலை. எப்பிடிப் போவேன்?

அன்னைக்கு வெடியால எந்திரிச்சேன். தலைக்குத் தண்ணி வாத்துட்டு, பட்டுச்சேலை கட்டினேன். எதுக்குக் கட்டினேன்னு எனக்கே தெரியலை. கட்டிட்டு அந்தச் சமையக்கட்டுல போயி நின்னேன். அவன் வாங்கின கண்ணாடி அடுப்புல நான் எப்பவும் ஒரு பக்கம்தான் பத்த வெப்பேன், ஒருத்திக்கு எத்தனை வேணும். அன்னைக்கு நாலையும் பத்த வெச்சேன். பெரிய பெரிய போசியாப் பாத்துத் தண்ணி ஊத்தி நாலுலயும் வெச்சேன். தளபுள தளபுளன்னு கொதிக்குது. உலையில போடறதுக்கு ஒண்ணுமில்லை, சும்மா கொதிக்குது. கலியாண வூட்டுல அடுப்பு எரியாம இருக்கக் கூடாதில்ல கண்ணு? முகூர்த்த நேரம் முடியற வரைக்கும் எரிய விட்டுட்டு அணைச்சேன்.

அட, நீ எதுக்குக் கண்ணைத் தொடைக்கறே? காத்துல தூசி விழுந்துருச்சா? சன்னலைச் சாத்து.

இப்பக் கேளு அக்கிரமத்தை. முந்தாநேத்து நாத்தனா வந்து சொல்றா, அவ மாசமா இருக்கறாளாம். மூணு மாசம் ஆகப் போகுதாம். ஊரெல்லாம் தெரியுது, பெத்தவளுக்குத் தெரியாது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. போன் பண்ணினான், பண்ணாம இல்லை. நான் எடுக்கலை. எடுக்கலைன்னா நேர்ல வந்து சொல்லணும். வந்தான். கதவு சாத்தியிருந்துச்சு. சாத்தியிருந்தாத் தட்டணும். தட்டினான். தட்டிட்டுப் போயிட்டான். இன்னொருக்காத் தட்டறதுக்கு என்ன கேடு?

இன்னைக்கு நாயித்துக்கிழமை, ரெண்டு பேரும் வூட்டுல இருப்பாங்க, நேர்ல போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வந்தரலாம்னு கெளம்பினேன். கேக்கப் போறவ வெறுங்கையோட எதுக்குப் போகணும்னு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, பூண்டை நெறையத் தட்டிப் போட்டு, நெய்யி ஊத்தி, தூக்குப்போசியில எடுத்துட்டுப் போனேன்.

கதவைத் தொறந்தவன் லோகு. கையில கரண்டி. "அம்மா"ன்னான். அப்பிடியே நின்னுட்டான். "வழிய விடு"ன்னு உள்ள போனேன். தீப்பொட்டியாட்டம் வூடு. அவ பாய்ல சுருண்டு படுத்திருந்தவ தட்டுத் தடுமாறி எந்திரிச்சா. "வாங்க அத்தை"ன்னா. கண்ணெல்லாம் உள்ள போயி, கன்னம் ஒட்டி, அந்த உசரத்துக்கு ஒரு துடைப்பக்குச்சி மாதிரி இருக்கறா. நான் கேக்க வந்ததைக் கேக்கறதுக்கு முன்னால, சோத்தைக் குடுத்துரலாம்னு போசிய மூடி தொறந்தேன். பூண்டு வாசம் வந்துது பாரு, வாயைப் பொத்திட்டுக் குளியலறைக்கு ஓடிட்டா.

நான் ஆக்கின சோத்தைப் பாத்து ஓடறா! எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? "உன்ற பொண்டாட்டிக்கு என்ற சோறு நாறுதாக்கும்"னு கத்தினேன். "அவளுக்குத் தண்ணி குடிச்சாலே அப்பிடித்தாம்மா. தாளிச்சா ஆகறதில்லை. இந்த வூட்டுல நாங்க தாளிச்சே பல நாளாச்சு"ன்னான். அவனுக்குத் தயிரும் சோறும்தானாம்.

அவ மூஞ்சியக் கழுவிட்டு வந்து செவுத்தைப் புடிச்சுட்டு நின்னா. "மன்னிச்சுக்குங்க அத்தை"ன்னா. நான் போசிய மூடி வெச்சேன். பொறகு மெதுவாக் கேட்டா: "அத்தை, எனக்கு ஒண்ணுமே எறங்க மாட்டேங்குதுங்க. இவரு உங்க வவுத்துல இருக்கறப்ப உங்களுக்கு என்னங்க எறங்குச்சு?"

இதைப் பாரு கண்ணு. அதை யாரும் என்கிட்டக் கேட்டதில்லை. எங்கூட்டுக்காரர் கேட்டதில்லை. மாமியா கேக்கவே மாட்டாங்க. என்னைப் பெத்தவ கூடக் கேக்கலை. இவ யாரு கேக்கறதுக்கு? எங்கிருந்தோ வந்தவ. எனக்கு அப்பிடிக் கோவம் வந்துருச்சு. கோவத்துல கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"ஒண்ணும் எறங்கலை. தாளிக்காம, வெறும் மொளகு தட்டிப் போட்டு ஒரு டம்ளரு ரசம் கெடைச்சாப் பரவாயில்லைன்னு இருந்துச்சு. கேக்கப் பயந்துட்டுக் கேக்கலை"ன்னேன்.

லோகு என்னையே பாத்தான். அவனுக்கே அது இன்னைக்குத்தான் தெரியும்.

"நான் வெச்சுப் பாக்கறேன், நீ சொல்லும்மா"ன்னு உள்ள போனான். "நீ வெக்கற ரசம் யாருக்கு வேணும், தள்ளுடா"ன்னு நானும் போனேன். போனா, அந்த மேடை என்ற நெஞ்சு உசரத்துக்கு இருக்குது. வாடகை வூடு, எவனோ நெட்டையன் கட்டினது. பலகை ஒண்ணைக் கொண்டாந்து கீழ போட்டான். ஏறி நின்னேன். என்னைப் பலகை மேல ஏத்தி நிக்க வெச்சுட்டாங்க பாரு! சொந்தமா அளவெடுத்துக் கட்டின சமையக்கட்டு கவுந்தப்பாடியில சும்மா கெடக்குது, நான் இங்க பலகை மேல.

புளிய எலேசாக் கரைச்சு, ஒரு தக்காளியப் பிசைஞ்சு விட்டு, மொளகைத் தட்டிட்டு இருக்கறேன். திரும்பிப் பாத்தா அவ வாசப்படியில நின்னு பாத்துட்டு இருக்கறா. நெலையப் புடிச்சுட்டு, ஒரு காலை மடக்கி வெச்சுட்டு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. "வாசப்படியில நிக்காதே. படுக்கறதுன்னாப் படு, இல்லைன்னா உள்ள வந்து நில்லு"ன்னு அதட்டினேன். எனக்கு வாசப்படியில ஆளு நின்னா ஆகாது. உள்ள வந்துட்டா. ரெண்டு பேரு நிக்கவே எடமில்லை அங்க. அவ தோளு என்ற தோளுல பட்டுட்டே இருந்துச்சு. பலகை மேல நின்னும் அவதான் உசரம்.

"மொளகு இவ்வளவு போதுமுங்களா?"ங்கறா. "எல்லாம் எனக்குத் தெரியும்"னேன். "கொதிக்க விடோணுமுங்களா?"ங்கறா. "நொரை கட்டினா எறக்கிரணும், பாத்துக்கோ"ன்னேன். கரண்டிய அவ கையிலதான் குடுத்தேன். என்ற கை வலிக்குதில்ல, வேற என்ன பண்றது?

அப்பிடியே டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன். ஊதி ஊதிக் குடிச்சா. நான் குளியலறைப் பக்கம் பாத்துட்டே இருக்கறேன், இப்ப ஓடுவா, இப்ப ஓடுவான்னு. ஓடலை. டம்ளரை நீட்டினா. இன்னொருக்கா ஊத்தினேன். அதையும் குடிச்சா. குடிச்சுட்டு என்ன பண்ணினாங்கறே? பாய்ல போயிப் படுத்தா. படுத்து ரெண்டு நிமிசம் இருக்காது, தூங்கிட்டா.

நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லலை அம்மிணி! ஒரு வார்த்தை. நான் பலகை மேல ஏறி நின்னு வெச்சுக் குடுத்திருக்கறேன். ரெண்டு டம்ளரு குடிச்சிருக்கறா. புளி செரியா இருந்துச்சா, மொளகு எச்சா, ஒண்ணும் சொல்லாம வாயைத் தொறந்துட்டுத் தூங்கறா, பச்சக் கொழந்தையாட்டம். லோகு எட்டிப் பாத்துட்டு, "அவ பகல்ல தூங்கியே பத்து நாளுக்கு மேலாச்சும்மா"ன்னான். அதுக்காக? எந்திரிக்கட்டும், கேக்கலாம்னு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். மத்தியானம் முச்சூடும் உக்காந்திருந்தேன். ஈ வந்துச்சு, முந்தானையால வீசிட்டு இருந்தேன். எந்திரிக்கவே இல்லை. பொழுதெறங்கிருச்சு, பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு.

லோகு பஸ் ஏத்தி விட வந்தான். "அம்மா, கோவமா இருக்கறியா?"ன்னான். "ஆமா"ன்னேன். "செரி"ன்னான். எல்லாத்துக்கும் ஒரு செரி அவனுக்கு.

நான் கேக்கப் போன நாலு வார்த்தையில ஒண்ணையும் கேக்கலை கண்ணு. ஏன் வந்து சொல்லலைன்னு கேக்கலை, அன்னைக்கு அவ ஏன் சிரிச்சான்னு கேக்கலை. இப்ப ரசம் எப்பிடி இருந்துச்சுங்கறதும் சேந்து அஞ்சாயிருச்சு. இதை இப்பிடியே விடறதா? என்ற கொணம் அவளுக்குத் தெரியாது. விட மாட்டேன். நாளைக்கு வெடியால அவ எந்திரிக்கறதுக்கு முன்னால போயி நிக்கறேனா இல்லையா பாரு. அவங்க வூட்டுல மொளகு தீந்து போச்சு, அதையும் வாங்கிட்டுப் போகணும்.

அதா, கவுந்தப்பாடி வந்துருச்சு. பொட்டியைப் புடிச்சுக்கோ, நான் எந்திரிக்கறேன். பெருந்துறைக்கு வெடியால மொத பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு அந்தக் கண்டக்டரைச் சித்தெ கேட்டுச் சொல்லு கண்ணு.